கடன் வாங்கிக் கழித்தல்

ஔலு நகரத்துக்கு ஹில்லா ஒரு வரைபடம் வைத்திருக்கிறாள்.
ஒன்பது வயது. படத்தில் தெருப் பெயர்கள் இல்லை.
நூலகத்துக் கழிவறை: தாழ்ப்பாள் சரியில்லை.
பெட்ரோல் நிலையம்: சாவி கேட்க வேண்டும்.
மீன் சந்தை: ஒரு யூரோ நாணயம், சில்லறை தரமாட்டார்கள்.
பனிச்சறுக்குத் திடலில் கழிவறை இல்லை,
ஆகவே படத்தில் பனிச்சறுக்குத் திடலும் இல்லை.

ஒரு நாளைக்குப் பதினான்கு முறை.
நெஞ்சுச் சளிக்குக் கொடுத்த மருந்து
கெட்டதைக் கொன்று, நல்லதையும் கொன்று
வீட்டைக் காலி செய்து வைத்தது.
காலி வீட்டில் ஒரு கிருமி குடியேறியது.
துரத்தினார்கள், வந்தது.
துரத்தினார்கள்.
மூன்றாம் முறை அது
வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அம்மா கைசு நோட்டுப் போட்டாள்.
நேரம், நிறம், ரத்தம் உண்டா,
எத்தனை முறை, எவ்வளவு.
மளிகைக் கணக்கு எழுதும் அதே பேனா.

"இனி மருந்து போதாது," என்றார் டாக்டர் ரந்தாலா.
"ஆரோக்கியமான ஒருவரின் மலம் வேண்டும்."
கைசு, காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாள்.
"பீயா?" என்றாள் ஹில்லா.
"பீதான்," என்றார் டாக்டர்.
மூன்று வாரத்துக்குப் பின் சிரித்தாள் குழந்தை,
சிரித்தபடியே
ஓடவும் வேண்டியிருந்தது.

நகரின் மறுகோடியில் துவோமோ
பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
இரவெல்லாம் பிறர் போகும் பாதையைத் திறந்துவிட்டு
காலை ஆறு பத்துக்கு
மருத்துவமனையின் பின்வாசல் மணியை அடிப்பான்.
காலைக்கடன் என்கிறோம் நாம்.
அவன் மொழியில் அது கடனில்லை.
ஆனாலும் வாரம் இருமுறை வந்து
வெள்ளை டப்பாவில் அடைத்துவிட்டுப் போகிறான்.
செத்துப்போன நாயின் பெயரைத்
தோளில் பச்சை குத்திக்கொள்ள அவனுக்கு ஆசை.
ஊசி பட்டால் ஆறு மாதம் எடுக்கமாட்டோம் என்றார்கள்.
சரி, நாய் காத்திருக்கும் என்றான்.

ஐம்பது கிராம் நிறுப்பாள் இர்யா.
உப்புநீர் விட்டுக் கலக்கிச் சல்லடையில் ஊற்றுவாள்.
மூக்கு பழகிவிட்டது என்று விருந்துகளில் சொல்வாள்,
பொய்.
சல்லடையில் இன்று சிறு விதைகள்:
சதுப்புநிலத்து மஞ்சள் பழம் தின்றிருக்கிறான்.
அந்தப் பழத்துக்கும் ஹில்லா என்றுதான் பெயர்.
இர்யாவுக்குத் தெரிந்ததெல்லாம் பழம்,
குழந்தைகள் அவளிடம் எண்களாகத்தான் வருகிறார்கள்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
பெட்டிக்குள் மைனஸ் எண்பது.

அறைக்குக் கூட்டிப்போகும் வரை
கட்டிலில் வீட்டுப்பாடம்.
நாற்பத்திரண்டில் பதினேழு.
இரண்டில் ஏழு போகாது,
பக்கத்து வீட்டில் கடன் வாங்கு.
"கொடுத்தவருக்கு மீன் சூப் பிடிக்குமா?
எனக்கும் பிடித்துப்போய்விடுமா?"
யாரென்று சொல்லக்கூடாது என்றார் டாக்டர்.
மயக்கமருந்து ஏறும்போதும்
"மீன் சூப் வேண்டாம்" என்றுதான் சொன்னாள்.

பத்து நாள் நன்றாக இருந்தது.
பதினோராம் நாள்
நோட்டில் மறுபடி எட்டு, மறுபடி பன்னிரண்டு.
கைசு காரில் உட்கார்ந்து
ஸ்டியரிங்கைக் குத்திக் குத்தி அழுதாள்.
பிறகு மூக்கைச் சிந்திவிட்டு
அடுத்த தேதி கேட்கப் போனாள்.

இரண்டாம் முறைக்குப் பின் ஒரு திங்கட்கிழமை
கழிவறைக்குள்ளிருந்து குரல்.
"அம்மா, வந்து பாரேன்!"
அந்தக் குரலுக்கு இத்தனை நாளும் ஓடித்தான் போயிருக்கிறாள்.
இன்றும் ஓடினாள்.
எட்டிப் பார்த்தாள்.
முழுசாக, பழுப்பாக, ஒரே துண்டு.
இருவரும் குனிந்து நின்றார்கள்,
தொட்டிலுக்குள் பார்ப்பவர்கள்போல்.
தண்ணீரை இழுத்துவிட
இருவருக்குமே மனம் வரவில்லை.

அந்த வாரம் துவோமோவுக்குக் கடைவாய்ப்பல் வீக்கம்.
ஆன்டிபயாடிக் எழுதிவிட்டார்கள்.
வெகுநாளைக்கு வரவேண்டாம் என்றாள் இர்யா.
தலையாட்டிவிட்டு நேரே பச்சை குத்தும் கடைக்குப் போனான்.

பெட்டியில் அவனுடைய குழாய்கள்
நான்கு மீதி.